உரியது எனில் பரிசீலிக்கலாம்

விஜயலக்ஷ்மிக்கு அந்தத் திங்கட்கிழமை காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியவில்லை. ரசத்தில் உப்பை இரண்டு தரம் போட்டாள். மேடையில் பெருங்காய டப்பாமேல் சாய்த்து வைத்திருந்த போன் திரையை அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் விரலால் இழுத்துப் பார்த்தாள். 'மதிப்பெண் இன்னும் வரவில்லை' என்பதையே அது விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

"நீ தேய்ச்சுண்டே இருந்தா மார்க் வந்துடுமா, யார்? ஸ்க்ரீன்தான் போகும்," என்றாள் மகள் ரோஹிணி. தில்லி மயூர் விஹாரிலேயே பிறந்து வளர்ந்து, இப்போது எஞ்சினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். பெற்ற தாயையும், சிநேகிதியைக் கூப்பிடுவது போல, இந்தியில் 'யார்' என்றுதான் கூப்பிடுவாள்.

சும்மா இருந்த சங்கை ஊதியவளே இவள்தான். டோக்கியோவில் ஒரு பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருந்தது. யார் வேண்டுமானாலும் சேரலாம், காசு கிடையாது. ரோஹிணி ரோபோ பாடம் ஒன்றை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தபோது, காப்பி கொண்டுவந்த விஜயலக்ஷ்மி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வானியல், நில நடுக்கம், பாலம் கட்டுவது என்று நீண்ட பட்டியலின் நடுவே 'ஜப்பானியச் சட்டம்: ஓர் அறிமுகம்' என்று ஒன்று இருந்தது. காப்பி ஆறும்வரை அங்கேயே நின்றாள்.

காரணம் இருக்கிறது. கல்யாணத்துக்கு அப்புறம் தில்லியில் மாலைக் கல்லூரிக்குப் போய், வயிற்றில் ரோஹிணியைச் சுமந்துகொண்டு பரீட்சை எழுதிச் சட்டப் பட்டம் வாங்கியவள் அவள். அந்தப் பட்டம் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் தூங்குகிறது. அவளோ இருபத்தேழு வருஷமாக மத்திய அமைச்சகம் ஒன்றில் கோப்பு எழுதிக்கொண்டிருக்கிறாள். இப்போது செக்‌ஷன் ஆபீசர். அந்தச் சமயம் பார்த்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதே பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் சட்டம் படிக்க, துறைக்கு ஒருவரை அனுப்புவார்கள். ஐம்பது வயது நிரம்பியிருக்கக் கூடாது. அந்த இலவசச் சட்டப் பாடத்தை முடித்த சான்றிதழ் வேண்டும். பெயர் போய்ச் சேரக் கடைசி நாள் இந்த வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

விஜயலக்ஷ்மிக்கு நவம்பரில் ஐம்பது. இந்தத் தடவை விட்டால் விட்டதுதான்.

மூன்று வாரத்துக்கு முன்பே விண்ணப்பத்தைக் கோப்பில் ஏற்றி, டெபுடி செகரட்டரி ஜெயகிருஷ்ணனுக்கு அனுப்பிவிட்டாள். 'பேசவும்' என்று ஒரே வார்த்தை எழுதித் திருப்பினார். ஓடினாள். "என்னங்க மேடம், அனுப்பிரலாங்களா?" என்று கேட்டார். "நீங்க பார்த்து எப்படிச் செஞ்சாலும் சரி, சார். உங்க இஷ்டம்," என்று பதவிசாகச் சொல்லிவிட்டு வந்து, கோப்பை மறுபடி அவருக்கே அனுப்பினாள். அதிகாரியிடம் பல்லைக் காட்டிக்கொண்டு எனக்குக் கொடு, உனக்குக் கொடு என்று நிற்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. கோப்பு அங்கே பத்திரமாக இருக்கிறது, சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டாள்.

மதிப்பெண் மெட்ரோவில் வந்தது. பெண்கள் பெட்டியில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே திறந்தாள். நூற்றுக்கு நாற்பத்தொன்று! தேற அறுபது வேண்டும்.

கடைசிக் கட்டுரையைத் திருத்துவது ஆசிரியர் அல்ல. கூடப் படிக்கிற மூன்று பேர். முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. ஒருவர், 'சட்டம் நன்றாகத் தெரிகிறது. உங்கள் தீர்ப்பு எங்கே?' என்று எழுதியிருந்தார். இரண்டாமவர், 'இரண்டு முறை படித்தேன். யார் ஜெயித்தார்கள்?' மூன்றாமவர் சுருக்கம்: 'முடிவு இல்லை. பூஜ்யம்.'

அவளுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. என் நோட்டுக்குப் பூஜ்யமா? ஜாயிண்ட் செகரட்டரிகள் 'நல்ல குறிப்பு' என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்த கை இது. மண்டி ஹவுஸில் இறங்கி வண்டி மாறும்போது யார் காலையோ மிதித்தாள். மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை விரித்துவைத்து நடந்ததைச் சொன்னாள். கணவன் மகாதேவன் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். மனைவி டோக்கியோ போனால் சாம்பார் பொடியை யார் திரிப்பது என்பதுதான் அவருடைய ஒரே கவலை. மற்றபடி அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"கேஸ் என்ன, அதைச் சொல்லு," என்றார்.

"ஒரு கிழவர். பக்கத்து வீட்டு மரத்தோட கிளை இவர் ஆத்துப் பக்கம் சாஞ்சுடுத்து. இலை குப்பை, வெளிச்சம் இல்லே. ஆறு வருஷம் பொறுத்துண்டார். ஒருநாள் பக்கத்தாத்துக்காரன் ஊருக்குப் போனப்போ ரம்பத்தை எடுத்து வெட்டிட்டார். அவன் கோர்ட்டுக்குப் போயிட்டான். நீதான் ஜட்ஜ், தீர்ப்பு எழுதுங்கறான்."

"சட்டம் என்ன சொல்றது?"

"வேர் வந்தா நாமளே வெட்டிக்கலாம். கிளைன்னா, மொதல்ல மரத்துக்காரன்கிட்ட வெட்டுன்னு கேக்கணும். கேட்டும் அவன் வெட்டலைன்னாதான் நாம வெட்டலாம்."

"அச்சா, அப்போ ஸிம்பிள்! நீ என்ன எழுதினே?" என்று ரோஹிணி கணினியைத் தன் பக்கம் திருப்பி, இங்கிலீஷில் இருந்ததை வாய்விட்டுப் படித்தாள். இரு தரப்பினரின் நிலையும் அனுதாபத்துக்குரியது. முதியவரின் செயல் விதிகளுக்கு முழுவதும் உட்பட்டது எனக் கூற இயலாவிடினும், அவருடைய கஷ்டத்தைப் புறக்கணிப்பதற்கும் இல்லை. உரியது எனக் கருதப்பட்டால், சமரசம் பரிசீலிக்கப்படலாம். மேலான ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது.

ரோஹிணி நிமிர்ந்தாள். "அம்மா, ஜட்ஜே நீதான். யாரோட ஆணைக்கு சமர்ப்பிக்கறே?"

மகாதேவன் சிரித்த சிரிப்பில் பட்டாணி தரையெல்லாம் உருண்டது.

சிரிக்கட்டும். அந்த நாற்காலியில் இருபத்தேழு வருஷம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். கீழே இருக்கிறவள் முடிவு எழுதக் கூடாது. எழுதினால் ஐந்து வருஷம் கழித்துத் தணிக்கைக்காரன் வந்து, 'இதைச் சொன்னது யார்?' என்று கேட்பான். அதனால் இந்தக் கதவும் திறந்திருக்க வேண்டும், அந்தக் கதவும் திறந்திருக்க வேண்டும். மேலே இருப்பவர் எதில் நுழைந்தாலும் நம் குறிப்பு அவருக்கு வழிவிட வேண்டும். விஜயலக்ஷ்மி அதில் புலி. அந்தப் புலிக்கு இப்போது, 'கிழவர் தோற்றார்' என்று இரண்டு வார்த்தை எழுத வரவில்லை.

இன்னொரு தரம் எழுத அனுமதி உண்டு. புதன்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். செவ்வாய் முழுக்க ஆபீசில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கான்டீனுக்குப் போவாள், டீயை வாங்குவாள், குடிக்காமலே திரும்பி வருவாள். 'தவறு' என்று அடிப்பாள். உடனே விரல் தானாகப் போய் 'எனக் கருத இடமுண்டு' என்று சேர்க்கும். அழிப்பாள். சீட்டை விட்டு எழுந்து தாழ்வாரத்தின் அந்தக் கோடிவரை நடந்துவிட்டு வந்து மறுபடி அடிப்பாள்.

புதன்கிழமை காலையில் வீட்டில் மகாதேவனுக்கே பொறுமை போய்விட்டது. "ஏண்டி, வாயில கொழுக்கட்டையா? கிழவன் பண்ணினது சரியா தப்பா?"

"தப்புதான்னா!" என்று வெடித்தாள். "ஆறு வருஷம் அடுத்தடுத்த ஆத்துல இருந்துண்டு ஒரு வார்த்தை கேக்கலையே மனுஷன்! கேட்டிருந்தா சட்டம் அவர் பக்கம் நின்னிருக்கும். மனசுக்குள்ளயே வெச்சுண்டு புழுங்கினா எவனுக்குத் தெரியும்?"

"அதை எழுது."

எழுதினாள். கிழவர் செய்தது தவறு. அவர் கேட்கவில்லை. கேட்காதவருக்கு வெட்ட உரிமை இல்லை. இது என் தீர்ப்பு. காரணங்கள் பின்வருமாறு. கடைசி வரியை அடித்து அனுப்புகிற பொத்தானை அமுக்கினாள். என்னவோ குற்றம் செய்துவிட்டு ஓடுகிறவள் போல மணி ஏழரைக்கே மெட்ரோவுக்குக் கிளம்பிவிட்டாள்.

வியாழக்கிழமை இரண்டு பேர் திருத்திவிட்டார்கள். மூன்றாவது ஆளைக் காணோம். மூன்றும் வந்தால்தான் கணக்கு. உலகத்தில் எந்த மூலையில் எந்தப் புண்ணியவான் கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறானோ! வெள்ளிக்கிழமை மதியம் ஒரு கூட்டத்தில் கோப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றே முக்காலுக்கு மடியில் போன் அதிர்ந்தது. எண்பத்தெட்டு! கீழே ஒரு வரி: 'கடுமையான தீர்ப்பு. ஆனால் சரியான தீர்ப்பு.'

கூட்டம் முடிகிற வரைகூடப் பொறுக்கவில்லை. வெளியே வந்தாள், சான்றிதழை அச்சடித்தாள், லிஃப்டுக்குக் காத்திருக்காமல் இரண்டு மாடி படியேறினாள். ஜெயகிருஷ்ணன் அறைக்குள் நுழையும்போது மூச்சு வாங்கியது.

"அடேங்கப்பா, எண்பத்தெட்டுங்களா!" என்று அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பொள்ளாச்சிக்காரர். அறைக்கதவு சாத்தியிருந்தால் தமிழ்தான் பேசுவார். "உக்காருங்க மேடம். டீ சொல்லட்டுங்களா? நம்ம துறை பேரை நேத்தே அனுப்பிட்டேனுங்க."

"ரொம்ப தேங்க்ஸ் சார். சர்டிபிகேட்டைச் சேர்த்துடலாமோல்லியோ?"

அவர் தாளை மேஜைமேல் வைத்தார். "நான் அனுப்பினது ஜ்யோத்ஸ்னா பேருங்க."

ஜ்யோத்ஸ்னா பக்கத்து செக்‌ஷனில் இருக்கிற முப்பத்தொரு வயதுப் பெண். நல்ல பெண். அவளும் அதே பாடத்தைப் போன வருஷமே முடித்திருக்கிறாள் என்பது விஜயலக்ஷ்மிக்கு இப்போதுதான் தெரிந்தது.

"அப்போ என் விண்ணப்பம், சார்?"

ஜெயகிருஷ்ணன் கோப்பைத் திறந்து திரையை அவள் பக்கம் திருப்பினார். 'மேற்படி பயிற்சிக்குக் கீழே கையொப்பமிட்டவரின் பெயரும், உரியது எனக் கருதப்பட்டால், பரிசீலிக்கப்படலாம். மேலான ஆணைக்காக.' அவள் கை எழுதிய குறிப்பு. ஒரு கமா பிசகில்லை.

"இதுல உங்களுக்குப் போகணும்னு எங்கீங்க இருக்குது?" என்றார் அவர். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை, வருத்தமாகக் கேட்டார். "எனக்குப் புரியலைன்னுதான் 'பேசவும்'னு எழுதினேன். வந்தீங்க. உங்க இஷ்டம்னு சொன்னீங்க. வீட்டுல ஏதோ சங்கடமாட்ட இருக்குது, பேருக்குப் போட்டு வெச்சிருக்காங்க, வற்புறுத்தக் கூடாதுன்னு நினைச்சுட்டேன். அந்தப் பொண்ணு ரெண்டே வரிதான் எழுதியிருந்துச்சு. எனக்குப் போக வேண்டும், என் பெயரை அனுப்புங்கள்னு."

விஜயலக்ஷ்மி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் எரிந்தது.

"எனக்குப் போகணும், சார்," என்றாள். தாழ்வாரம்வரை கேட்டிருக்கும். இருபத்தேழு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை. "ரொம்ப ஆசையா இருந்தது சார் எனக்கு!" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவும் இல்லை.

ஜெயகிருஷ்ணன் பதறிப்போய் எழுந்தார். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே மேடம்!" கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபது. "இன்னும் டைம் இருக்குதுங்க. அந்தப் பொண்ணுக்கு வயசு இருக்குது, அடுத்த வருஷம் போயிக்கலாம். கூப்பிட்டு நான் பேசட்டுங்களா? பேரை மாத்திரலாம். சொல்லுங்க, என்ன பண்ணட்டும்?"

உங்க இஷ்டம், சார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் பேசாமல் இருந்தால்கூடப் போதும், அவரே போனை எடுத்துவிடுவார். கையும் அதற்குள் போன்மேல் போயாயிற்று. ஜ்யோத்ஸ்னா தலையை ஆட்டுவாள். பெரிய அதிகாரி கேட்டால் சின்னப் பெண் வேறு என்ன செய்வாள்? டோக்கியோ கிடைத்துவிடும்.

"வேண்டாம் சார். போனை வைங்கோ."

"மேடம், யோசிச்சு..."

"யோசிச்சாச்சு. அவ கேட்டா. அவ போகட்டும்."

அவர் மெதுவாக உட்கார்ந்தார். அப்புறம் அவருக்கே ஆபீஸ் ஞாபகம் வந்தது. "அப்ப உங்க ஃபைலை மூடிரலாங்களா? நீங்களே ஒரு வரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா..."

விஜயலக்ஷ்மி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். தன்னுடைய பழைய குறிப்புக்குக் கீழே, விறுவிறுவென்று, ஒரு எழுத்தைக்கூட அழிக்காமல் அடித்தாள்.

'எனக்குப் போக ஆசை இருந்தது. நான் கேட்கவில்லை. ஜ்யோத்ஸ்னாவை அனுப்பியது சரி. கோப்பை மூடவும்.'

ஜெயகிருஷ்ணன் படித்துவிட்டு நெற்றியைத் தடவினார். "மேடம், இப்படியெல்லாம் நோட்டுல எழுதுறதில்லீங்களே. ஒருதரம் ஏறிடுச்சுன்னா அப்புறம் அழிக்க முடியாதுங்க. அம்பது வருஷம் கழிச்சு எவன் திறந்தாலும் இது இருக்கும்."

"இருக்கட்டும் சார்," என்று சொல்லி அவள் கையெழுத்தைப் போட்டாள்.