பிரஷ் துடைத்த பலகை

கலீலுர் றஹ்மானின் ஆரம்பகால ஓவியங்களைத் திருகோணமலைத் துறைமுகத்தடி அருங்காட்சியகத்தில் மாட்டியிருந்தார்கள். உருவமில்லாத வண்ணப் படங்களால் பெயரெடுத்தவர் அவர். ஆனால் வந்தவர்கள் மொய்த்ததென்னவோ ஒரு பழைய பலகையைத்தான். 'ஓவியரின் முதல் அரூப ஓவியம், 1993' என்று அதன் கீழே அட்டை வைத்திருந்தார்கள். கடலின் துயரம் அதில் தெரிகிறதென்று ஒருவர் தலையாட்டினார்.

துயரமாவது மண்ணாவது. நிலாவெளியில் வள்ளங்களுக்குப் பெயின்ற் அடித்த யோகலிங்கம், வேலை முடிந்ததும் பிரஷ் துடைக்கிற பலகை அது. வள்ளக்காரர்கள் அதில் காய்ந்திருக்கும் நிறங்களைப் பார்த்து, "இந்த நீலத்தை அடியுங்கோ" என்று விரல் வைப்பார்கள். இரண்டு வருடம் அவரோடு வேலை செய்த றஹ்மான், விலகும்போது ஆசையாகக் கேட்டு வாங்கி வந்தார். படம் தெரிவுசெய்ய வீட்டுக்கு வந்த அருங்காட்சியக அதிகாரி, "இதை எப்ப கீறினனீங்கள்?" என்று வியந்தபோது, மறுக்க வேண்டிய வாய் வருடத்தைச் சொல்லிவிட்டது. பிறகு அது புத்தகத்தில் ஏறியது, பேட்டியில் ஏறியது. இனி எந்த முகத்தோடு இறக்குவது?

"தம்பி."

பலகைக்குப் பக்கத்தில் நின்ற றஹ்மான் திரும்பினார். யோகலிங்கத்தின் மனைவி குணேஸ்வரி. யோகலிங்கம் செத்து ஆறு வருடம்.

"இது அவர் பிரஷ் துடைக்கிற பலகையெல்லோ? எறியாமல் வச்சிருக்கிறீங்களே."

"ஓம் அக்கா."

"அட்டையில என்ன எழுதிக் கிடக்கு? கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன்."

மூன்றடி தள்ளி அதிகாரி விருந்தினர்களோடு நின்றார். வாசல் அவர்களுக்கும் அப்பால். உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராதென்று றஹ்மானுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன? குனிந்து, மெல்லிய குரலில் வாசித்தார்: "யோகலிங்கம், நிலாவெளி."

குணேஸ்வரி அழுதுவிட்டாள். "பேர் வந்தாப்பிறகு ஆளை மறந்திருப்பீங்கள் எண்டு நினைச்சனான். பிழையா நினைச்சிட்டன், தம்பி." அவருடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. அந்த வெட்கத்திலும், இவள் வேளைக்குப் போய்விட்டால் போதும் என்றுதான் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

வெளியே ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு மகள் நிரோஜினி உள்ளே வந்தாள்.

"பிள்ளை, எங்களைப் படம் எடு. அப்பான்ர பேரும் விழவேணும்," என்றாள் குணேஸ்வரி, பிடித்த கையை விடாமல். "அதுக்கு முதல் அந்த அட்டையைச் சத்தமா வாசி. இங்க நிக்கிற ஆக்களும் கேக்கட்டும்."

விருந்தினர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிரோஜினி அட்டையிடம் குனிந்தாள். றஹ்மான் கையை இழுத்துப் பார்த்தார். வரவில்லை.