ஒரே ஒரு கட்டம்

1

இந்தக் கதை நான் சொன்ன ஓர் அசிங்கமான யோசனையில் பிறந்தது. நீச்சல் குளத்துக்குப் பின்னால், குளோரின் வாடை அடிக்கும் நடைவழியில், சக்கர நாற்காலியில் இருந்த என் அக்காவிடம் குனிந்து சொன்னேன்: "உள்ள போனதும் கையக் கொஞ்சம் தொங்க விடு. யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத நான்கு முறை முயன்று அடித்துவிட்டேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "ஆறு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய கால்களையும் இடது தோளையும் பறித்துக்கொண்டபோது, விதி..."

(இங்கே அக்கா தாளைப் பிடுங்கிவிட்டாள். "டேய், முதல் வரியிலயே எதுக்கு என்னை அழ வைக்கிற? நான் அழுது நீ பார்த்திருக்கியா?" பார்த்திருக்கிறேன். டிவி சீரியல் பார்க்கும்போது.)

ஆகவே விதியை விட்டுவிட்டு விதிமுறைக்கு வருகிறேன். உடற்குறை உள்ள நீச்சல்காரர்களைச் சோதித்து வகுப்பு பிரிப்பார்கள். ஒத்த உடல்கள் தங்களுக்குள் மோதட்டும் என்பது அதிலுள்ள நியாயம். உடலின் இயக்கம் கூடினால் வகுப்பு எண்ணும் கூடும். அக்கா ஐந்தாம் வகுப்பு. இந்த முறை சோதித்துவிட்டு ஆறு என்று எழுதிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஐந்திலிருந்து ஆறுக்குப் போனால் மிட்டாய் கொடுப்பார்கள். இங்கே கடைசி இடம் கொடுப்பார்கள். ஐந்தில் அவள் நீந்தும் வேகத்துக்குத் தேசிய அணியில் இடம் உண்டு. ஆறில் அதே வேகத்துக்கு இறுதிச் சுற்றில்கூட இடமில்லை.

3

சோதித்தவரை வில்லனாக்கி ஒரு பத்தி எழுதினேன். மீசைகூட வைத்தேன். அநியாயம். அவர் நல்ல மனிதர்*, மீசையும் கிடையாது. அக்காவைப் படுக்கவைத்து, "இடது கையத் தூக்க முடியுமா?" என்று கேட்டார். "முடியும்" என்றாள். இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, அந்த வேகத்தில் கையை மேலே எறிந்தாள். இருபது வருடப் பழக்கம். அவர் கண் மதிப்பெண் எழுதும் ஃபார்மில் இருந்தது. நிமிர்ந்தபோது கை மேலே இருந்தது, மதிப்பெண் போட்டுவிட்டார்.

(* இது அக்காவின் கருத்து. நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.)

எங்கள் வீட்டில் "முடியாது" என்ற சொல் கிடையாது. காய்ச்சலுக்குப் பிறகு அம்மா போட்ட தடை. அக்காவுக்கு மின்தடைப் புகார்களைத் தொலைபேசியில் கேட்கும் வேலை. ஊரே இருண்டு கிடந்தாலும் "சரி பண்ண முடியும் சார்" என்றுதான் சொல்வாள்.

முறையீடு செய்தோம். மறுசோதனைக்குக் காத்திருந்தபோதுதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன்.

"ஏமாத்தச் சொல்றியா?" என்றாள். "மாட்டினா தடை போடுவாங்க, அது கெடக்கட்டும். என் கைய நானே கேவலப்படுத்தணுமா?"

4

முடிவு அ: "முடியாது" என்று கதறுகிறாள், ஐந்து கிடைக்கிறது, நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்கள். (தூ.)

முடிவு ஆ: ஆறிலேயே நீந்தி, எல்லோரையும் முந்தி... (நீங்கள் நீச்சல் போட்டி பார்த்ததே இல்லையா?)

நடந்தது இது. இந்தத் தடவை வேறு இரண்டு பரிசோதகர்கள். என்னை மூலையில் உட்கார விட்டார்கள். அவர்களில் ஓர் அம்மாள் அக்காவின் இடுப்பை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்போ தூக்க முடியுமாம்மா?" என்றார்.

அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. முழு பலத்தையும் போட்டாள், அதில் துளி நடிப்பு இல்லை. கை படுக்கையிலிருந்து நான்கு விரல் உயரம் எழும்பி அங்கேயே நடுங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தது. இந்தக் கையைத்தான் தொங்க விடச் சொல்லியிருந்தேன்.

"முடியலையா?"

"தோளால முடியாது," என்றாள் அக்கா. "என்னால முடியும். ரெண்டையும் எழுதிக்கோங்க."

"ஃபார்ம்ல ஒரு கட்டம்தாம்மா இருக்கு."

"அப்போ இன்னொண்ணு போடுங்க. பேனா உங்க கையிலதான இருக்கு?"

5

முடிவைக் கதவில் ஒட்டினார்கள். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்கப்போவது அந்த எண்ணை மட்டும்தான் என்பதும் தெரியும். இதோ கட்டம்: [     ]. போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது கட்டம் வேண்டுமென்றால் நீங்களே வரைய வேண்டும்.

அக்கா இதுவரை படித்துவிட்டுத் தாளை மடியில் வைத்தாள்.

"இப்படி நடுவுல விட்டா கதை முடியுமாடா?"

"முடியாது," என்றேன்.

அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் நான் திட்டு வாங்காதது அதுதான் முதல் தடவை.