சின்ன டாக்டர் வெளிய உக்காந்த நாள்

அக்கா, தூங்கிட்டியா? இதப் படிச்ச உடனே போன் பண்ணிடாத, அம்மா எந்திரிச்சுடுவாங்க. அப்பா நைட் டூட்டிக்குப் போயாச்சு. நான் பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுட்டு, பக்கெட்டக் கவுத்து அது மேல உக்காந்து டைப் பண்றேன். குழாய் சொட்டிட்டே இருக்கு.

விஷயம் இதான். நாளைக்குக் காலைல அம்மாவையும் என்னையும் பெரிய டாக்டர் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கார். எதுக்குன்னு எனக்குத் தெரியாது. அம்மாவ உள்ள அட்மிட் பண்ணிடுவாங்களோன்னு பயமா இருக்கு. பண்ணினா அதுக்கு முழுக்க முழுக்க நான்தான் காரணம். நீ ஹாஸ்டல்ல பரீட்சைக்கு மண்டைய உடைச்சிட்டிருப்பன்னு உன்கிட்ட எதுவும் சொல்லல. இப்ப சொல்றேன். நடுவுல திட்டாத.

அம்மா கட்டில விட்டு எந்திரிக்காம சுவத்தையே பாத்துட்டுக் கெடந்தாங்களே, அப்புறம் அந்த மாத்திரை ஒத்துக்கிட்டு திரும்ப டிரைவிங் ஸ்கூல்ல கத்துக் குடுக்கப் போக ஆரம்பிச்சாங்க இல்ல, அது வரைக்கும் உனக்குத் தெரியும். பழைய அம்மா திரும்பி வந்துட்டாங்க. நான் சமையல் ரூம்லேர்ந்து தட்டத் தூக்கிட்டு வந்தாக்கூட, "ரெண்டு பக்கமும் பாத்துத் திரும்பு"ன்னு சொல்ற அம்மா.

அப்பதான் கிளினிக்ல ஒரு குழு ஆரம்பிச்சாங்க. வைத்தியம் பாத்துக்கறவங்களும் அவங்க வீட்டு ஆளுங்களும் டாக்டருங்களோட உக்காந்து, இங்க என்ன குறை, எப்படி சரி பண்ணலாம்னு பேசணுமாம். கவுன்சிலர் மேடம் அம்மாவக் கூப்பிட்டாங்க. வீட்டு ஆளுன்னு முதல்ல அப்பாதான் போனார். நம்ம அப்பாவப் பத்தி உனக்குத் தெரியாதா. வெள்ளை கோட்டப் பாத்தாலே கை தானா கட்டிக்கும். என்ன கேட்டாலும், "எல்லாம் நல்லா இருக்குங்க டாக்டர்." ஃபேன் ஓடலியேன்னு அவங்களே கேட்டதுக்கு, "காத்து நல்லா வருதுங்க டாக்டர்"னு சொல்லியிருக்கார். வேர்த்து வழியுதாம் மனுஷனுக்கு. அம்மா வீட்டுக்கு வந்து, "அடுத்த தடவ நீ வா குட்டி. உங்கப்பாவக் கூட்டிட்டுப் போறதுக்கு அந்த ஃபேனையே கூட்டிட்டுப் போகலாம்"னாங்க.

அதனால நான் போனேன். நீள மேசை. ஒரு பக்கம் பெரிய டாக்டர், சின்ன டாக்டர், கவுன்சிலர் மேடம். எதிர்ப்பக்கம் நாங்க. ஒரு கணக்கு வாத்தியார், அவர் சம்சாரத்துக்கு வைத்தியம். அப்புறம் ஹெல்மெட் அண்ணன். அவர் பைக்க விட்டு இறங்கினாலும் ஹெல்மெட்டக் கழட்ட மாட்டார். கண்ணாடிய மட்டும் மேல தூக்கிட்டு டீ குடிப்பார்.

பெரிய டாக்டர், "தயங்காம குறை சொல்லுங்க"ன்னார். வாத்தியார், "குறையொண்ணும் இல்லீங்க"ன்னார். ஹெல்மெட் அண்ணன், "சூப்பர் சார்"னார். உள்ளேர்ந்து கிணத்துக்குள்ள பேசுற மாதிரி வந்தது. வெளிய வராண்டால இதே ரெண்டு பேரும் கிளினிக்க நார் நாரா கிழிச்சிட்டிருந்தாங்க. ஏன் அண்ணா அப்படிச் சொன்னீங்கன்னு அப்புறம் கேட்டேன். "நீ புதுசு பாப்பா. இங்க குறை சொன்னா மாத்திரையக் கூட்டிடுவாங்க"ன்னார். தமாஷுக்குச் சொல்றார்னு நெனச்சேன்.

அம்மா மட்டும் பேசினாங்க. அடுக்கா எடுத்து விட்டாங்க. காத்திருக்கற எடத்துல சேரெல்லாம் நேருக்கு நேரா போட்டு தரையோட முடுக்கியிருக்கு, அழறவங்க மூஞ்சிய எல்லாரும் பாத்துட்டே உக்காரணும். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல, ஒத்தக் கால நீட்டி கதவ முட்டுக்கொடுத்துட்டே போகணும். எல்லாத்துக்கும் மேல அந்த மைக். டோக்கன் குடுக்கற அக்கா முழுப் பேரையும் கூப்பிட்டு, "தூக்கம் வராதவங்க ரெண்டாவது ரூம், ஊசி போடுறவங்க மூணாவது ரூம்"னு கத்துது. ஸ்பீக்கர் ஜன்னலப் பாத்து இருக்கு. எதிர்ல டீக்கடை வரைக்கும் கேக்குது. அம்மாகிட்ட வண்டி கத்துக்கிட்டிருந்த ஒரு பொண்ணு டீக்கடைல நின்னு அம்மா பேரக் கேட்டுடுச்சு. மறுநாள்லேர்ந்து அது வரல.

பெரிய டாக்டர் தலைய ஆட்டினார். சின்ன டாக்டர் அம்மாவையே பாத்துட்டிருந்தார். அந்தப் பார்வை எனக்கு அப்பவே பிடிக்கல.

அடுத்த வாரம் வழக்கமா மாத்திரை வாங்கப் போனோம். சின்ன டாக்டர்தான் இருந்தார். நல்லவர்தான் அக்கா, சின்ன வயசு, மீசை இப்பதான் வரலாமா வேணாமான்னு யோசிக்குது.

"மீட்டிங்ல ரொம்ப வேகமாப் பேசினீங்க"ன்னார்.

"நேரம் கம்மின்னு சொன்னாங்க டாக்டர்."

"ஸ்பீக்கர்ல உங்க பேரு எப்பலேர்ந்து கேக்குது?"

"மாசா மாசம் கேக்குது."

"அது ஊருக்கே கேக்குதுன்னு சொன்னீங்க."

"ஆமா, எல்லாருக்கும்தானே கேக்குது."

"எல்லாருக்கும் கேக்குதுன்னு உங்களுக்குத் தோணுது."

அந்த நேரம் பாத்து ஸ்பீக்கர்ல டோக்கன் அக்கா, "தூக்கம் வராதவங்க ரெண்டாவது ரூம்"னு கத்துது. அம்மா விரல மேல காட்டினாங்க. அவர் அந்த விரலப் பாத்தார், ஸ்பீக்கரக் கேக்கவே இல்ல. தெனம் கேட்டுக் கேட்டு அவர் காதுல அது விழறதே இல்ல போல. நான், "டாக்டர், எனக்கும் கேக்குது"ன்னேன். உதவி பண்றேன்னு நெனச்சுத்தான் சொன்னேன். அவர் மெதுவா என் பக்கம் திரும்பி, "நீ நல்லாத் தூங்கறியாம்மா?"ன்னார்.

அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கம் வரல அக்கா. அந்தக் கேள்வி உள்ள போய் உக்காந்துக்கிச்சு.

அம்மாவுக்கு மாத்திரையக் கூட்டிட்டார். ஹெல்மெட் அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது.

அப்புறம் அம்மா எங்க உக்காந்தாலும் தூங்கினாங்க. தோசைக் கரண்டியப் பிடிச்சிட்டே தூங்கினாங்க. வண்டியில அம்மா பக்கமும் ஒரு பிரேக் இருக்கும்ல, கத்துக்கறவங்க சொதப்பினா மிதிக்கறதுக்கு. அந்தப் பிரேக் மேல கால வெச்சபடியே ஒரு நாள் தூங்கிட்டாங்க. வண்டி ஓட்டினது, கத்துக்க வந்த ஒரு பயந்த டீச்சர். "திரும்பு"ன்னு சொல்ல ஆளில்லாததால நேரா போயிட்டே இருந்திருக்காங்க. ஊர் எல்லை தாண்டி, பெட்ரோல் தீர்ந்து வண்டி தானா நின்னப்பதான் அம்மா கண்ணு முழிச்சாங்க. முழிச்ச உடனே, "கியர் மாத்தினது நல்லா இருந்தது"ன்னாங்களாம். டீச்சருக்குப் பெருமை தாங்கல. ஆனா டிரைவிங் ஸ்கூல் ஓனர் அம்மாவக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்"னு சொல்லிட்டார்.

மாத்திரைய நீயே பழைய அளவுக்குக் கொறைச்சுக்கோம்மான்னு சொன்னேன். "அப்படிக் கொறைச்சுத்தான் போன தடவ படுத்தேன். டாக்டர் சொல்லணும்"னாங்க. சரி, டாக்டர்கிட்ட தூக்கம் தூக்கமா வருதுன்னு சொல்லேன்னா, "சொன்னா இன்னும் கூட்டுவார்"னாங்க. அம்மா யாருக்கும் பயந்து நான் பாத்ததில்ல அக்கா. லாரிக்காரனயே ஜன்னல இறக்கிட்டுக் கேள்வி கேக்கற ஆளு.

அடுத்த மீட்டிங் வந்தது. அம்மா பாதிக் கண்ணோட உக்காந்து, "எல்லாம் நல்லா இருக்குங்க டாக்டர்"னாங்க. அச்சு அசல் அப்பா. எனக்குப் பத்திட்டு வந்தது. என் வாய் தானாப் பேசுச்சு, நான் பேசல.

"எங்கம்மா வண்டி கத்துக் குடுக்கறப்ப முதல் நாளே ஸ்டீரிங் முன்னாடிதான் உக்கார வெப்பாங்க. பின்னாடி சீட்ல உக்காந்து யாரும் வண்டி கத்துக்க முடியாதாம். நீங்கல்லாம் பின்னாடி சீட்லயே உக்காந்திருக்கீங்க. ஒரு நாள் வெளிய டோக்கன் வாங்கிட்டு உக்காந்து பாருங்க. அப்புறம் உள்ள வந்து குறை சொல்லுங்க, எங்கம்மா கேக்கட்டும்."

சொல்லி முடிச்ச அப்புறம்தான் காதுல விழுந்தது, நான் என்ன சொன்னேன்னு. கவுன்சிலர் மேடம் தண்ணி பாட்டில மூடிட்டே இருந்தாங்க, அது எப்பவோ மூடியாச்சு. பெரிய டாக்டர் சின்ன டாக்டரப் பாத்தார். "செய்யலாமே. நீங்க உக்காருங்க"ன்னார். தான் உக்கார்றேன்னு சொல்லல பாத்தியா.

அது இன்னிக்கு நடந்தது.

கோட் இல்லாம, டி-ஷர்ட் போட்டுட்டு வந்து சின்ன டாக்டர் டோக்கன் வாங்கினார். டோக்கன் அக்காவுக்கு விஷயம் தெரியும். ரொம்ப நாளா காத்திருந்த மாதிரி இருந்தது அதுக்கு. அவர் உக்காந்த சேர்ல ஒரு ஸ்குரூ நீட்டிட்டிருக்கும். எங்களுக்கெல்லாம் தெரியும், யாரும் உக்கார மாட்டோம். வாத்தியார், "சொல்லிடலாமா?"ன்னார். ஹெல்மெட் அண்ணன் கண்ணாடியக் கீழ இறக்கிட்டு, "ஆராய்ச்சியக் கெடுக்கக் கூடாது சார்"னார். எதிர் சேர்ல ஒரு அம்மா அழுதுட்டே அவரப் பாத்தாங்க. இவர் மேல பாத்தார், கீழ பாத்தார், எங்க பாக்கறதுன்னே தெரியல. கழிப்பறைக்குப் போனார். உள்ளேர்ந்து, "ஆள் இருக்கு, ஆள் இருக்கு"ன்னு சத்தம் வந்துட்டே இருந்தது.

அப்பதான் மைக். டோக்கன் அக்கா அவர் முழுப் பேரையும் அப்பா பேரோட சேத்து, நிறுத்தி நிதானமா, "தூக்கம் வராதவர், ரெண்டாவது ரூம்"னு கூப்பிட்டுச்சு. ஆள் வரலன்னு இன்னொரு தடவயும் கூப்பிட்டுச்சு. டீக்கடைக்காரர் ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, "டாக்டருக்கேவா?"ன்னார். பாவமா, பாசமாத்தான் கேட்டார்.

மீட்டிங் ரூமுக்கு வந்தப்ப சின்ன டாக்டர் மூஞ்சி செவந்திருந்தது. அம்மா டாக்டர் சேர்ல உக்காந்திருந்தாங்க. அவர் உக்காரவே இல்ல. மூச்சு விடாம கொட்டினார். ஸ்குரூ, கதவு, மைக், டீக்கடை. "என் பேரு தெரு முழுக்கக் கேக்குது, எல்லாரும் என்னையே பாக்கறாங்க"ன்னார்.

அம்மா தூக்கக் கண்ணோட முழுசாக் கேட்டாங்க. அப்புறம் மெதுவா முன்னாடி சாஞ்சு, "ரொம்ப வேகமாப் பேசறீங்க. எல்லாரும் உங்களப் பாக்கறாங்கன்னு எப்பலேர்ந்து தோணுது?"ன்னாங்க.

ஒருத்தரும் சிரிக்கல. ஹெல்மெட்டுக்குள்ளேர்ந்து மட்டும் ஒரு மாதிரி சத்தம் வந்தது.

"மாத்திரையக் கொஞ்சம் கூட்டிப் பாக்கலாமா?"ன்னாங்க அம்மா.

எனக்கு உசுரே இல்ல. ஓடிட்டேன் அக்கா. நேரா கழிப்பறைக்குப் போய் ஒத்தக் கால நீட்டி கதவ முட்டுக்கொடுத்துட்டு நின்னுட்டேன், ரொம்ப நேரம். வெளிய வந்தப்ப மீட்டிங் முடிஞ்சிருந்தது. கவுன்சிலர் மேடம், "நாளைக்கு அம்மாவோட வந்துடு, பெரிய டாக்டர் சொன்னார்"னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாங்க. பஸ்ல அம்மா ஒரு வார்த்தை பேசல. நானும் கேக்கல. கேட்டா பதில் வந்துடுமேன்னு பயம்.

அட்மிட் பண்ணிட்டா அந்த வேலை போச்சு. வேலை போனா அம்மா திரும்ப சுவத்தப் பாத்துப் படுத்துடுவாங்க. இன்னொண்ணும் இருக்கு. இத உன்கிட்ட மட்டும் சொல்றேன். எனக்குத் தூக்கம் வராம இருக்கறது, இது அதுதானோ? அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சதா? நீ பெரியவ, உனக்கு ஞாபகம் இருக்கும்ல.

இரு. வெளிய கால் சத்தம்.

அக்கா, நான்தான் திரும்ப.

அம்மா கதவத் தட்டினாங்க. "உள்ள யாரு, சின்ன டாக்டரா?"ன்னாங்க. "இந்த வீட்டுப் பாத்ரூம்லயாவது தாழ்ப்பாள் இருக்கேன்னு அனுபவிக்கறியா? தொற."

தொறக்காமயே கேட்டேன், "நாளைக்கு உன்ன அட்மிட் பண்ணப் போறாங்களாம்மா?"

"என்னயா? நாளைக்கு கார்பென்டர் வர்றார். சேர எந்தப் பக்கம் திருப்பிப் போடணும்னு நாமதான் காட்டணுமாம். யார எங்க உக்கார வெக்கணும்னு உங்க பொண்ணுக்குத்தான் நல்லாத் தெரியும்போலன்னு பெரிய டாக்டர் சொன்னார். நீதான் ஓடிட்டியே."

"பஸ்ல ஏன் சொல்லல?"

"நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்த. நான் டாக்டரக் கிண்டல் பண்ணது உனக்கு அசிங்கமாப் போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் தூங்கிட்டேன்."

சின்ன டாக்டர் என்ன சொன்னார்னு கேட்டேன். மீட்டிங் முடிஞ்ச அப்புறம் அம்மாவத் தனியாக் கூப்பிட்டு உக்கார வெச்சு, முதல்லேர்ந்து சொல்லுங்கன்னு கேட்டாராம். அம்மா கரண்டி, பிரேக், டீச்சர் எல்லாம் சொன்னாங்களாம். நடுவுல குறுக்கப் பேசவே இல்லியாம். மாத்திரைய பழைய அளவுக்கே மாத்திட்டார். இன்னும் சில நாள்ல வந்து எப்படி இருக்குன்னு சொல்லணும். "சேர்லதான் உக்காரல, நின்னுட்டே கேட்டார். ஸ்குரூ பலமாக் குத்தியிருக்கு"ன்னாங்க.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்தது. கதவத் தொறந்தேன். தொறந்த சூட்டோட, தூக்கம் வராததச் சொல்லி அதையும் கேட்டுட்டேன். "எனக்கும் வருமாம்மா?"

வராதுன்னு சொல்வாங்கன்னு நெனச்சேன். சொல்லல. என் தலைமுடியக் காதுக்குப் பின்னாடி ஒதுக்கிவிட்டாங்க.

"தெரியல குட்டி. வரலாம், வராமலும் போகலாம். ஒரு பயத்துல தூக்கம் போனா அது வியாதி இல்ல, அது சின்ன டாக்டர் வேலை. ஆனா தூக்கம் வரலன்னு நாளைக்கு அவர்கிட்ட நீயே சொல்லு, நான் பக்கத்துல இருக்கேன். ஒரு வேளை வந்துச்சுன்னா எங்க போகணும்னு உனக்குத் தெரியும். அதுக்குள்ள அந்த எடத்த சரி பண்ணி வெச்சுடுவோம். தாழ்ப்பாளாவது போட்டுடலாம்."

அப்புறம், "இப்ப வழிய விடு, எனக்கு அவசரம்"னு என்னத் தள்ளிட்டு உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டாங்க.

நான் இப்ப வெளிய தரைல உக்காந்திருக்கேன். உள்ளேர்ந்து, "பக்கெட்ட யாருடி கவுத்தது"ன்னு கேக்கறாங்க. நான் போறேன். நீ படி.