ஒரிஜினல் ரப்பர்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று ஒரு கார் சென்னையில் செய்தார்கள். கம்பெனியை மூடி முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. என்னைப் பொறுத்தவரை அது இன்னும் மூடவில்லை. இருபத்து மூன்று வயதில் மதுரையில் அந்தக் கார் விற்றவர்களிடம் உதிரிபாகப் பிரிவில் வேலை பார்த்தேன். கடையைக் காலி செய்த அன்று மிச்சமிருந்த ஒரு மரப்பெட்டிச் சாமானைக் கேட்டு வாங்கிக்கொண்டு பழனிக்கு வந்துவிட்டேன். பிறகு பஞ்சாமிர்தக் கடை வந்தது, கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். பெட்டி மட்டும் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. என் மனைவி சண்முகவள்ளி அதை ‘மூத்த தாரம்’ என்பாள்.

ஹெரால்டு வைத்திருக்கும் நாங்கள் பன்னிரண்டு பேர் வருஷத்துக்கு ஒருமுறை சேர்ந்து கொடைக்கானல் ஏறுவோம். நான்தான் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, நானாக ஆகிக்கொண்டதுதான். வண்டிக்குள் கம்பெனி ஒரிஜினல் சாமான்தான் இருக்க வேண்டும் என்பது என் சட்டம். கடையில் விற்கும் மாற்றுச் சாமானைப் போட்டதாகத் தெரிந்தால், வாட்ஸப் குழுவில் எல்லோர் முன்னிலையிலும் அந்த ஆளைக் கிழித்துத் தொங்கவிடுவேன். சேனாதிபதி என்ற என் பெயருக்கு ஏற்ற ஆள் என்று அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு அது பெருமையாக இருக்கும்.

இந்த வருஷக் கூட்டம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்பது வண்டிகள் வத்தலக்குண்டுப் பாதையில் இறங்கின. ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருக்கும் குருநாதன் மட்டும், பழனியில் சாமி கும்பிட வேண்டும் என்று மனைவி தமயந்தியையும் மகள் தாரணியையும் ஏற்றிக்கொண்டு பழனிப் பாதையில் கிளம்பினான். லாட்ஜ் வாசலில் என் வண்டியும் ஸ்வேதாவின் வண்டியும் மிஞ்சின. ஸ்வேதா கோயம்புத்தூரில் பல் டாக்டர். நாற்பது வயதிருக்கும். இந்த வருஷம்தான் குழுவில் சேர்ந்தாள்.

“பிரேக்குக்கு என்ன ரப்பர் போட்டிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“கடையில கிடைச்சதுதான் சார்.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. பெட்டியில் பிரேக் ரப்பர் பொட்டலம் மூன்று இருந்தன. போன மாதம் ஒன்றை என் வண்டியில் நானே போட்டேன். ஒன்றைக் குருநாதனுக்குக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மறுவாரமே, ‘போட்டாச்சுண்ணே, மிதிச்சா வண்டி கல்லு மாதிரி நிக்குது’ என்று செய்தி அனுப்பினான். மூன்றாவது என் பையில் இருந்தது. ஒரிஜினல் என்றால் என்ன என்று டாக்டரம்மாவுக்குக் காட்டிவிடலாம் என்று அதை எடுத்துச் சீல் பிரித்தேன்.

ஸ்வேதா ரப்பரை விரலில் வைத்து லேசாக வளைத்தாள். பிஸ்கட் மாதிரி இரண்டாக உடைந்தது.

“சார், ரப்பருக்கு வயசு உண்டு. எங்க கிளினிக்குல தேதி பாக்காம ஒரு கிளவுஸ்கூட எடுக்க மாட்டோம்” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, “இத எங்கயாவது போட்டிருக்கீங்களா?” என்று கேட்டாள்.

பிரேக்கை மிதிக்கும்போது எண்ணெயைத் தாங்கிப் பிடிப்பது அந்த ரப்பர்தான். அது நொறுங்கினால் எண்ணெய் பின்வாங்கிவிடும், கால் தரைவரை போகும், வண்டி நிற்காது. கம்பெனி நல்ல சாமானைத்தான் கொடுத்தது. அதை இத்தனை வருஷம் பூட்டி வைத்து, மலையில் இறங்கப்போகிறவன் கையில் கொடுத்தது நான்.

குருநாதனுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தான். தமயந்தியின் எண்ணும் அப்படித்தான். அவர்கள் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. என் வண்டிச் சாவியை, கூட வந்திருந்த சண்முகவள்ளி கையில் திணித்து, “யாரையும் தொட விடாதே” என்று சொல்லிவிட்டு ஸ்வேதாவின் காரில் ஏறினேன்.

பெருமாள்மலையில் பழனிப் பாதைக்குத் திரும்பியதும் மூடுபனி இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச் சுவர் முழுசாக இருக்கிறதா என்று பார்த்தேன். சாலையில் டயர் தேய்ந்த கோடு தெரிந்தால் அது பள்ளத்தின் பக்கம் போகிறதா என்று எட்டிப் பார்த்தேன். தாரணிக்குப் பதினேழு வயது. நேற்று என் வண்டியின் முன்பக்கம் முழுசாகத் திறந்து நிற்பதைப் படமெடுத்து, “பெரியப்பா, முதலை வாயைத் திறந்த மாதிரி இருக்கு” என்றாள். முருகா, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வாய்விட்டே வேண்டினேன். ஸ்வேதா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வடகவுஞ்சி தாண்டி ஒரு வளைவில் கூட்டம். பத்துப் பதினைந்து பேர் சுவரோரமாக நின்று பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார் நிற்பதற்கு முன்பே இறங்கி ஓடினேன்.

“எத்தனை பேரு உள்ள?” என்று ஒருவனின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“மூணுங்க. குட்டியோட நிக்குது” என்றான்.

கீழே காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. திரும்ப ஏறி உட்கார்ந்தேன்.

சவரிக்காட்டில் ஒரு டீக்கடை முன்னால் குருநாதனின் மஞ்சள் ஹெரால்டு நின்றது. மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓடி வருவதைப் பார்த்ததும் குருநாதன் எழுந்துவிட்டான்.

“குருநாதா, அந்தப் பிரேக் ரப்பரு…” எனக்கு மூச்சு வாங்கியது.

அவன் முகம் வெளுத்தது. “யாருண்ணே சொன்னது ஒங்ககிட்ட?”

“எதை?”

“தப்புதாண்ணே. போட்டுட்டேன்னு பொய் சொல்லிட்டேன். மெக்கானிக் முத்துராஜ் அதப் பாத்துட்டு, பழசு, போட்டா ஆளக் கொன்னுரும்னு சொல்லிட்டாரு. கடையில புதுசு வாங்கிப் போட்டுக்கிட்டேன். டூப்ளிகேட்டுன்னு தெரிஞ்சா குரூப்புல வச்சு அசிங்கப்படுத்துவீங்களேன்னு…”

பெஞ்சில் அப்படியே உட்கார்ந்தேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன், விட மனமில்லை. தமயந்தி தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்த பிறகுதான் கோபம் வந்தது.

“முத்துராஜ் சொன்னத எங்கிட்டச் சொல்லறதுக்கென்ன?”

“சொன்னாக் கேப்பீங்களாண்ணே?” அவன் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான்.

“மத்தவங்க?” என்று கேட்டேன்.

குருநாதன் தரையைப் பார்த்தான். “பிரேக்குக்கு யாரும் பழைய ரப்பர் போடறதில்லண்ணே. எல்லாமே கடைச் சாமான்தான். நீங்க இல்லாம தனியா ஒரு குரூப்பு வச்சிருக்கோம். அதுல பேசிக்குவோம்.”

இத்தனை வருஷம் நான் கட்டிக்காத்தது, எனக்குத் தெரியாமல் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குக் கைமாறிக் கேலியாகியிருக்கிறது. அது வலித்தது. ஆனால் தாரணி பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தாள். அந்த வலி எனக்கு வேண்டியதுதான் என்று தோன்றியது.

“நீங்க அதப் போடலல்ல?” குருநாதன் சட்டென்று நிமிர்ந்து கேட்டான். “எடுத்து வச்சு அழகு பாக்குற ஆளாச்சே நீங்க, அதான் நாங்க யாரும்…”

பன்னிரண்டு வண்டிகளில் பதினொன்று நல்ல பிரேக்கோடு மலை ஏறியிருக்கின்றன. அந்த ரப்பரோடு ஏறியது ஒன்றே ஒன்றுதான். அதில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் கமலா ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாக என் வாயில் ஊட்டிக்கொண்டு வந்தாள் சண்முகவள்ளி.