பாலிஷ் வரைந்த முகம்

கார் பட்டறையில் அவனுக்குப் பாலிஷ் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் எங்கேயோ அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது. எந்த வண்டி எங்கே போய் முட்டிக்கொண்டு வந்தாலும் சரி, டிங்கர் ஒடுக்கு எடுத்துக் கொடுத்த இடத்தில் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, பெயிண்ட் அடித்து, துணியால் தேய்த்துவிட்டு அவன் நிமிர்ந்தால், எந்தக் கதவு அடிபட்டது என்று வண்டிக்காரனே குனிந்து குனிந்து தேடுவான். சொரசொரப்பைக் கண்டால் அவன் விரலுக்குப் பொறுக்காது. டீக்கடையில் உட்கார்ந்தால்கூட மேஜை ஓரத்தைத் தடவிக்கொண்டே இருப்பான். "டேய், அது கடைக்காரன் மேஜைடா, அதையாவது விட்டு வை," என்று டிங்கர் கையைத் தட்டிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்ணக்குச்சியால் படம் வரைகிற பேஸ்டல் வகுப்புக்குப் போகிறான் என்றதும் பட்டறையே சிரித்தது. எதற்கு என்று கேட்டவர்களிடம் "சும்மாதான்" என்றான். சும்மா எங்கே?

அவனுக்கு ஒரு மகள் பிறந்தாள். பிறந்த அன்றே போய்விட்டாள். ஆபரேஷன் ஆன மனைவி நினைவு தப்பி வேறொரு அறையில் கிடந்தாள். அவள் கண் விழிப்பதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. நர்ஸ் துணியில் சுற்றி நீட்டிய குழந்தையைக் கொஞ்ச நேரம் கையில் வாங்கி முகத்தைப் பார்த்தவன் வீட்டாரில் அவன் ஒருவன்தான். ஒரு போட்டோ எடுத்திருக்கக் கூடாதா என்று பிறகு ஆளாளுக்குக் கேட்டார்கள். கேட்பார்கள், கேட்பதற்கென்ன! பிள்ளையை ஏந்திக்கொண்டு நிற்கிறவனுக்குச் சட்டைப்பையில் போன் இருப்பதா ஞாபகம் வரும்?

மனைவி வீட்டுக்கு வந்த பிறகு கேட்ட முதல் கேள்வி, "எப்படிங்க இருந்தா?"

"நல்லா இருந்தா," என்றான்.

அது ஒரு பதிலா? ஆனால் அவனுக்கு வேறு வார்த்தை வரவில்லை. பார்த்தது எல்லாம் உள்ளே அப்படியே இருந்தது. ஒரு கண் இமை வீங்கி மூடியிருந்தது. இன்னொரு கண் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் கட்டைவிரலால் அழுத்தியதுபோல ஒரு சிவந்த தடம். மூக்கு ஒரு பக்கமாக நசுங்கி, கீழுதடு கோபித்துக்கொண்ட மாதிரி உள்ளே மடிந்து கிடந்தது. இதை எப்படி வாயால் சொல்வான்? வீங்கி இருந்தது, நசுங்கி இருந்தது என்று பெற்றவளிடம் சொன்னால் அவள் தாங்குவாளா? நேரில் பார்த்தால் அது அழகு. சொன்னால் ஏதோ விபத்துபோல ஆகிவிடுகிறது.

அவளும் விடவில்லை. பஸ்ஸில் யார் மடியிலாவது குழந்தை இருந்தால் அவன் தோளைத் தொடுவாள். "இந்த மாதிரியா?"

"இல்ல."

"பின்ன எந்த மாதிரி?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். அவள் அழமாட்டாள். அழுதிருந்தாலாவது தேவலை என்று அவனுக்குத் தோன்றும்.

அந்தச் சமயத்தில்தான் கதவில் கீறலோடு ஒரு கார் பட்டறைக்கு வந்தது. பின் சீட்டில் அடுக்கியிருந்த அட்டைகளில் முகங்கள், முகங்கள். தொட்டால் சூடாக இருக்கும்போல அத்தனை உயிர். கார்க்காரம்மா படம் சொல்லிக் கொடுக்கிற டீச்சர். கீறலைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தவரை இடைமறித்து அவன் கேட்டான்: "இதை யார் வேணும்னாலும் கத்துக்கலாமா மேடம்?"

"கை இருந்தா போதும்," என்று சிரித்தார் டீச்சர்.

வகுப்பு ஒரு ஸ்டேஷனரி கடையின் மாடியில். நீளமான இரண்டு மேஜை, கை கழுவ ஒரு தொட்டி, எல்லாவற்றின் மேலும் வண்ணப்பொடி. நிறம் என்று வந்தால் அவனை அசைக்க முடியாது. வெள்ளைக்குள் எவ்வளவு நீலம் ஒளிந்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வான். தோலுக்குச் சிவப்புக்கு அடியில் கொஞ்சம் பச்சை வேண்டும் என்று டீச்சர் சொன்னபோது மற்றவர்கள் முழித்தார்கள்; அவன் தலையாட்டினான். ஆனால் கோடு? ஐயோ, அதைக் கேட்காதீர்கள். அவன் வரைந்த ஆப்பிள் பஞ்சரான டயர் மாதிரி இருந்தது.

"இன்னிக்கு என்ன வரைஞ்சீங்க?" என்று ஒவ்வொரு ஞாயிறும் மனைவி வாசலிலேயே கேட்பாள்.

"ஆப்பிள்."

"இன்னும் ஆப்பிளா? பழம் அழுகிடப் போகுது. எப்பதான் மனுஷனுக்கு வருவாங்களாம்?"

ஒரு ஞாயிறு, சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தான். எப்பாடுபட்டாவது இவளிடம் அந்த முகத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும் என்று அப்போது மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

டீச்சரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னான். அவர் சொரசொரப்பான ஒரு தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தார். "இந்தச் சொரசொரப்புதான் சார் கலரைப் பிடிச்சு வைக்குது. ரொம்பத் தேய்ச்சா அது அடைஞ்சிடும், அப்புறம் எதுவும் ஒட்டாது. அதனால தேய்க்காதீங்க. வையுங்க, விட்டுடுங்க."

உப்புத்தாள் மாதிரிதானே, எனக்குத் தெரியாததா என்று அவன் நினைத்துக்கொண்டான். அங்கேதான் சனியன் பிடித்தது.

மாதங்கள் போயின. மூக்கு வந்தது, காது வந்தது, கண் வந்தது. ஒரு ஞாயிறு டீச்சர், "யோசிக்காதீங்க. மனசுல இருக்கறதை மளமளன்னு போடுங்க," என்றார். அவன் போட்டான். வீங்கிய இமைக்கு ஊதா. நெற்றித் தடத்துக்குச் செம்மண் நிறம். மடிந்த உதட்டுக்கு ஒரே ஒரு இழுப்பு. கையை எடுத்துப் பார்த்தான். அவள்தான்! துணிக்குள்ளிருந்து அவனைப் பார்த்தபடி, அன்று எப்படிக் கிடந்தாளோ அப்படியே கிடந்தாள். "வந்துட்டியாடா கண்ணு," என்று வாய்விட்டே சொல்லிவிட்டான்.

டீச்சர் அவன் பின்னால் வந்து நின்றார். "சார், போதும். கைகூட வைக்காதீங்க. இதுக்கு மேல ஒரு புள்ளி வேண்டாம்." அதற்குள் கீழே யாரோ கூப்பிட, இறங்கிப் போனார்.

அவன் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். நெற்றித் தடத்தின் ஓரம் மட்டும் சற்றுத் துருத்திக்கொண்டு தெரிந்தது. ஓரத்தை மட்டும் லேசாக ஒரு தடவு தடவினால் என்ன? கட்டைவிரல் போனது. ஓரம் அமுங்கியதும் நடு எடுப்பாகத் தெரிந்தது, அதையும் தடவினான். நெற்றி சமமானதும் இமையின் வீக்கம் கோணலாகப் பட்டது. இமையைச் சரிசெய்ததும் மூக்கு. அவன் என்ன செய்வான்? பதினாறு வயதிலிருந்து அந்தக் கைக்குச் சோறு போட்டது அந்த வேலைதான். மேடு கண்ட இடத்தில் விரல் தானாகப் போகும், சமமாகும்வரை நிற்காது. வலிக்கு மருந்து தடவுகிற நினைப்பில்தான் தடவினானோ என்னவோ, பாவம்.

நிமிர்ந்தபோது தாளில் ஒரு குழந்தை இருந்தது. மொழுமொழுவென்று, சோப்பு விளம்பரத்தில் சிரிக்கிற குழந்தை மாதிரி ஒரு கீறல் இல்லாமல்.

பதறிப்போய் செம்மண் குச்சியை எடுத்து நெற்றியில் வைத்தான். வழுக்கியது. அழுத்தினான். குச்சி உடைந்ததே தவிர நிறம் ஏறவில்லை; தாள் பளபளத்தது.

டீச்சர் வந்து பார்த்தார். திட்டவில்லை. புதுத் தாள் கொடுத்தார். அதிலும் அதே மொழுமொழு முகம்தான் வந்தது. அடுத்த ஞாயிறும் அதே. அதற்கடுத்த ஞாயிறும் அதே.

"கண்ணை மூடி அவளைப் பாருங்க சார்."

மூடினான். இருட்டுக்குள் அந்த விளம்பரக் குழந்தைதான் சிரித்தது. வீங்கியது இடது கண்ணா, வலது கண்ணா? மூக்கு எந்தப் பக்கம் நசுங்கியிருந்தது? நர்ஸ் அன்றாடம் எத்தனையோ குழந்தைகளைப் பார்க்கிறவள்; கேட்டால் சொல்ல உலகத்தில் வேறு ஆள் இல்லை. "நீங்களாவது சொல்லுங்க மேடம், அன்னிக்கு என் தாள்ல பாத்தீங்களே," என்று கெஞ்சினான்.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு நிமிஷம்தானே சார் பாத்தேன். தப்பாச் சொல்லிட்டா அது பெரிய பாவம்."

அன்று வரைந்த அந்த மொழுமொழு முகத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினான். வழியில் எங்காவது கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் எண்ணம். கை வரவில்லை. வாசலில் மனைவி நின்றாள். அவன் கக்கத்தில் சுருள் இருப்பதைப் பார்த்ததும் ஆப்பிள் கேலி எதுவும் அவள் வாயிலிருந்து வரவில்லை. சுருளை வாங்கினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து பிரித்தாள்.

"இவளாங்க?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். இல்லை என்றால் "பின்ன எந்த மாதிரி?" என்று கேட்பாள். அதற்கு இப்போது அவனிடம் எதுவுமே இல்லை.

"ஆமா," என்றான்.

அவள் தொடாமல், குனிந்து குனிந்து பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். "ஒரு குறையும் இல்லையேங்க இவகிட்ட," என்றாள். "அப்புறம் ஏங்க போனா?"

அன்றுதான் அவள் அழுதாள். ஓவென்று, அக்கம்பக்கம் கேட்க, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். வேறு என்ன செய்ய முடியும் அவனால்?

வெகுநேரம் கழித்து அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் கையைப் பிடித்தாள். "இத்தனை நாளா நீங்க மட்டும் தனியா வச்சிருந்தீங்க. இப்ப நானும் பாத்துட்டேன். நீங்க பாத்த மூஞ்சிதான் இனிமே எனக்கும்."

அவன் கடைசியாக ஒருமுறை கண்ணை மூடித் தேடினான். தாளில் இருந்த முகம்தான் வந்தது.

"ஆமா," என்றான். "ரெண்டு பேருக்கும் இனிமே இவதான்."