ஆர்விட்டின் கடைசிப் பெட்டி

மூன்றாவது அடியில் தோட்டாவிலிருந்து குண்டு கழன்றது.

மார்லிஸ், தோட்டாவைப் பிரிப்பதற்கென்றே உள்ள பிளாஸ்டிக் சுத்தியலைத் திருப்பி, அதன் தலைக்குள் விழுந்து கிடந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டினாள். ஒரு செம்புக் குண்டு. கூடவே ஒரு சிறு கரண்டி அளவு வெடிமருந்து. விளக்கை அருகே இழுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தாள். பென்சில் முனையைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டதுபோல் குச்சி குச்சியாக இருந்தது.

சரியான மருந்துதான்.

மூச்சு விட்டாள். அடுத்த தோட்டாவை எடுத்துச் சுத்தியலின் வாயில் செருகினாள்.

கறுப்பு உடுப்பின் மேல் சமையல் ஏப்ரனைக் கட்டியிருந்தாள். தலைக்கு மேலே, சமையலறையில், சர்ச் பெண்களின் குதிகால்கள் இங்குமங்கும் போய்க்கொண்டிருந்தன. யாரோ பன்றித்தொடைக் கறி நறுக்கினார்கள். "காபிக்கு அந்தப் பெரிய பாத்திரம் எங்கேடி? நீதானே கழுவினே?" என்று ஒருத்தி இன்னொருத்தியை அதட்டினாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாரும் சர்ச்சுக்குக் கிளம்பவேண்டும். மார்லிஸின் கணவர் ஆர்விட் டோலஃப்சனை இன்று அடக்கம் செய்கிறார்கள்.

டொக். டொக். டொக்.

சத்தம் மேலே போகாமலிருக்க மரக்கட்டைக்கு அடியில் துண்டை மடித்து வைத்திருந்தாள். அப்படியும் போனது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆர்விட் இதே நிலவறையில், இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். சூப் ஆறுகிறது என்று கூப்பிட வந்தவள், தூங்குகிறார் என்று நினைத்துத் தோளைத் தொட்டாள். எதிரே புதிதாக அடைத்த தோட்டாப் பெட்டி மூடியிருந்தது. மூடியின் மேல் அவருடைய கை இருந்தது.

இன்று காலை உணவின்போது மகன் கர்ட் அந்தப் பெட்டியைப் பற்றித்தான் பேசினான்.

"அப்பா கடைசியா அடைச்சது அது. அடக்கம் முடிஞ்சதும் நம்ம மேட்டுல நின்னு அவரோட துப்பாக்கியிலேயே சுடப்போறேன். மூணு சத்தம். பட்டாளத்துக்காரனுக்கு மட்டும்தான் மரியாதையா? மூணே மூணு. போதும்."

வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த மார்லிஸின் கத்தி நின்றுவிட்டது.

மோன்டானா மாநிலத்தின் அந்தக் கிழக்கு மூலையில் தோட்டாவை வீட்டிலேயே அடைத்துக்கொள்ளாத வேட்டைக்காரன் குறைவு. ஒருவனுக்கு ஒருவன் டிராக்டரைக் கொடுப்பான், காளையைக் கொடுப்பான், தேவைப்பட்டால் பல்செட்டைக்கூடக் கழற்றிக் கொடுப்பான். ஆனால் அடுத்தவன் அடைத்த தோட்டாவை எவனும் தன் துப்பாக்கியில் போடமாட்டான். எவ்வளவு மருந்து, என்ன மருந்து என்பது அடைத்தவனுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். கர்ட்டுக்கு விதிவிலக்கு ஒன்றே ஒன்று. அப்பா. முதல் மானிலிருந்து இன்றுவரை அப்பா அடைத்ததைத்தான் அவன் சுட்டிருக்கிறான்.

அப்படித்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

போன வசந்தத்தில் ஒரு நாள், துவைத்த துணியை எடுக்க மார்லிஸ் கீழே வந்தாள். ஆர்விட் மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தார். எதிரே இரண்டு மருந்து டப்பாக்கள் திறந்திருந்தன. மேஜை மேல் ஒரு சமயத்தில் ஒரு டப்பாதான் இருக்கவேண்டும். எடுத்ததை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடவேண்டும். இந்தத் தொழிலின் முதல் பாடம் அது. அதை மறந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரனைப் பல வருஷம் 'ரெண்டு டப்பா' என்றே கூப்பிட்டுக் கேலி செய்தவர் ஆர்விட்.

"மார்லிஸ்," என்றார், திரும்பாமலே. "இதுல எதைப் போட்டுக்கிட்டிருந்தேன்?"

அவளுக்கும் தெரியவில்லை. அவர் இரண்டு டப்பாக்களையும் மூடினார். "கர்ட்டுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா துப்பாக்கியை எல்லாம் வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிடுவான்," என்றார்.

"வேலையை விட்டுடுங்களேன்."

"விட்டுட்டு? ஜன்னல் கிட்ட உட்கார்ந்து மாட்டை எண்ணட்டுமா?"

அவர் விடவில்லை. அவள் ஆரம்பித்தாள்.

மத்தியானம் அவர் தூங்கும் நேரத்தில் கீழே இறங்கி, தடித்த கையேட்டின் முதல் அத்தியாயத்திலிருந்து எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தாள். சுட்டுப்போட்ட பித்தளைக் கூட்டைத் துடைக்கவேண்டும், அச்சில் அழுத்திப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரவேண்டும், அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் வில்லையைப் புதிதாகப் பொருத்தவேண்டும். தராசில் மருந்து நிறுத்துப் போட்டு, வாயில் குண்டு வைத்து அழுத்தவேண்டும். கேக் செய்வதைவிடக் கஷ்டம் இல்லை என்று நினைத்தாள். முதல் நாளே கூட்டுக்கு எண்ணெய் தடவ மறந்துவிட்டாள். அது அச்சுக்குள் இறுகிக்கொண்டது. இழுத்தாள், தொங்கினாள், சுவரில் கால் வைத்து உந்திக்கூடப் பார்த்தாள். அசையவில்லை. உள்ளூர்க் கடைக்குப் போனால் சாயங்காலத்துக்குள் விஷயம் ஆர்விட்டின் காதுக்கு வந்துவிடும். கைப்பையில் அச்சைப் போட்டுக்கொண்டு அடுத்த ஜில்லாவுக்கு வண்டி ஓட்டினாள்.

கடைக்காரன் அதைப் பார்த்ததும் சிரித்தான். "எண்ணெய் தடவலியா பாட்டி?"

"பாட்டின்னு கூப்பிட்டா நான் வேற கடைக்குப் போயிடுவேன்."

"கோச்சுக்காதீங்க. எல்லாருக்கும் ஒரு தடவை மாட்டும். மாட்டின பிறகுதான் தொழில் ஆரம்பம்."

அதன்பின் எண்ணெய் மறந்ததில்லை. எதையும் மறந்ததில்லை. ஆர்விட் அடைத்து மூடும் ஒவ்வொரு பெட்டியையும் அவள் பிரித்தாள். குண்டைக் கழற்றி, மருந்தை ரோஜாச் செடிக்குக் கொட்டிவிட்டு, முதலிலிருந்து அடைத்து அதே பெட்டியில் வைத்தாள். ஆரம்பத்தில் தப்பு எப்போதாவதுதான் இருந்தது. கோடை முடியும்போது பெட்டிக்கு இரண்டு மூன்று. சனி ஞாயிறில் பில்லிங்ஸ் நகரத்திலிருந்து வந்துபோகும் கர்ட், அவற்றைச் சுட்டுவிட்டு வந்து அப்பாவின் முதுகில் தட்டுவான். ஆர்விட் மார்லிஸைப் பார்க்கமாட்டார். தெரிந்திருந்ததா, இல்லையா? அவள் கேட்டதேயில்லை.

இந்தக் கடைசிப் பெட்டியைத் திறக்கத்தான் அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

பேசாமல், தான் ஏற்கெனவே பிரித்து அடைத்த வேறு பெட்டியை மாற்றி வைத்திருக்கலாம். வேலை முடிந்திருக்கும். கர்ட்டுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் மார்லிஸுக்குத் தெரியவேண்டியிருந்தது. கடைசியாக மூடிய பெட்டியையாவது அவர் சரியாக மூடினாரா?

டொக். டொக்.

குச்சி. சரி.

அடுத்தது. குச்சி. சரி.

அதற்கடுத்ததும் சரி. மார்லிஸுக்கு உள்ளே ஏதோ இளகியது. பார்த்தீர்களா, உங்களால் முடிந்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லப்போனாள். சுத்தியலை ஓங்கினாள். கவிழ்த்தாள்.

தட்டில் விழுந்தது குச்சி இல்லை. மிளகை அரைத்ததுபோல் சின்னச் சின்னச் செதிள்.

கைத்துப்பாக்கி மருந்து. அது சீறிக்கொண்டு எரியும். மான் துப்பாக்கியின் தோட்டாவில் அதை நிரப்பினால் குண்டு வெளியே போகிறதோ இல்லையோ, துப்பாக்கியே பிளந்துவிடும். பிளக்கும் இடம் சுடுகிறவனின் கன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

அடுத்ததைக் கழற்றினாள். செதிள். அதற்கடுத்தது. செதிள்.

"என்னம்மா சத்தம் அது?"

கர்ட் படியின் பாதியில் நின்றான். கழுத்தில் டை இன்னும் கட்டவில்லை. அவள் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தான். திறந்திருந்த பெட்டியைப் பார்த்தான்.

"அது அப்பாவோட பெட்டிதானே? அம்மா! அதை எதுக்குப் பிரிக்கிறே? காலையிலதானே சொன்னேன்!"

மிச்சப் படிகளைத் தடதடவென்று இறங்கி வந்தான். தட்டில் இரண்டு குவியல்கள். விரலால் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தான். முகம் வெளுத்தது.

"இது கைத்துப்பாக்கி மருந்தாச்சே."

"ஆமா."

"இந்தத் தோட்டாவுலேர்ந்தா வந்துச்சு?"

"ஆமா."

அவன் பார்வை மேஜை மேல் ஓடியது. செவ்வாய்க்கிழமையிலிருந்து யாரும் எதையும் நகர்த்தவில்லை. இரண்டு டப்பாக்கள், பக்கத்தில் பக்கத்தில்.

"ரெண்டு டப்பா," என்றான் மெல்ல. "அப்பா ஒருநாளும் ரெண்டு டப்பா..."

நிறுத்தினான். அவன் கண்கள் எங்கோ பின்னால் போவதை மார்லிஸ் பார்த்தாள். போன மாதம் அப்பா பாதியில் விட்ட கதை, நாயின் பேரை மாற்றிக் கூப்பிட்டது, வாசல் வரை வந்துவிட்டு எதற்கு வந்தோம் என்று நின்றது எல்லாம் ஒவ்வொன்றாக வரிசைக்கு வந்துகொண்டிருந்தன. இன்னும் ஒரு நொடி விட்டால் உண்மையைப் பிடித்துவிடுவான்.

"நான் அடைச்சது," என்றாள் மார்லிஸ்.

"என்னது?"

"அந்தப் பெட்டி. அப்பா இல்லே. நான்."

"நீயா? உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"பொழுது போகலே. அவர் தூங்கறப்ப இறங்கி வந்து கொஞ்சம் கொஞ்சமாக் கத்துக்கிட்டேன்."

"கத்துக்கிட்டாங்களாம்! இது என்ன பிஸ்கட் மாவா, அந்த டப்பாவுல கொஞ்சம் இந்த டப்பாவுல கொஞ்சம் போட்டுப் பிசையறதுக்கு?" அவன் குரல் நிலவறைச் சுவரில் முட்டித் திரும்பியது. மேலே குதிகால்கள் நின்றன. "இன்னைக்கு என் மூஞ்சி பறந்திருக்கும். அப்பாவுக்கு வெட்டின குழியிலேயே என்னையும் தள்ளியிருக்கலாம். செலவு மிச்சம்."

"அதனாலதான் பிரிச்சுப் பார்க்கிறேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா இது?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா உன்னை இந்தப் படியில காலே வைக்க விட்டிருக்க மாட்டார். எப்பேர்ப்பட்ட கை அவரோடது! அந்த மேஜையில போய் நீ..."

மார்லிஸ் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க ஒன்றுமில்லை. மறுபடியும் துடைத்தாள்.

கர்ட் நாற்காலியில் உட்கார்ந்தான். எந்த நாற்காலி என்று உறைத்ததும் சட்டென எழுந்துகொண்டான். கோபம் வடிந்த முகம் திடீரென்று சின்னப் பையனுடையதாக இருந்தது.

"அப்போ அப்பா அடைச்சது ஒண்ணுகூட இல்லியா?"

"மேல் தட்டுல பாரு. பச்சைப் பெட்டி."

"அது அவரோடதுதானா? நிச்சயமா?"

"அதுல ஒண்ணுகூடத் தப்பாது, கர்ட். எதன் மேல வேணும்னாலும் சத்தியம் பண்றேன்."

அவன் அதை எடுத்து, திறந்து, ஒரு தோட்டாவை விளக்கில் திருப்பிப் பார்த்தான். "பாரு," என்று அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு. இதான் வேலை."

"ஆமாம்ப்பா," என்றாள் மார்லிஸ்.

மேலேயிருந்து ஆர்விட்டின் தம்பி ஆரின் குரல் கொடுத்தார். "அண்ணி! பாஸ்டர் வந்து அரைமணி ஆச்சு. கேக்கு முழுக்க அவரே தின்னு தீர்த்துடுவார் போலிருக்கு. வாங்க சீக்கிரம்!"

சர்ச்சில் பிரசங்கம் நீளமில்லை. ஆர்விட்டுக்கு நீளமான பிரசங்கம் பிடிக்காது என்பது பாஸ்டருக்கும் தெரியும். கல்லறைத் தோட்டத்தில் காற்று தொப்பிகளைப் பிடுங்கியது. சவப்பெட்டி குழிக்குள் இறங்கியது. மண் உறைந்திருந்ததால் கட்டி கட்டியாக விழுந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் டோலஃப்சன்களின் மேய்ச்சல் மேடு. அங்கே ஏறியது மூன்று பேர்தான்: கர்ட், ஆரின், மார்லிஸ். மற்றவர்கள் கீழே வண்டிகளின் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். எதிரே ஆளில்லாத மண்சரிவு, அதற்கப்பால் வானம்.

தான் அடைத்த தோட்டா வெடிப்பதை மார்லிஸ் அதுவரை அருகில் நின்று பார்த்ததில்லை. சமையலறை ஜன்னல் வழியே தூரத்தில் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். கர்ட் துப்பாக்கியைத் தோளில் பதித்தான். கன்னத்தைக் கட்டையோடு சேர்த்தான். அந்தக் கன்னத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் சரிவில் மோதி உருண்டு போனது. கர்ட் நிமிர்ந்தான். கன்னம் இருந்தது.

இரண்டாவது.

"கேட்டீங்களா சித்தப்பா?" கர்ட்டின் கண்களில் நீர் நின்றது. "அப்பாவோட கை! சத்தமே தனி." பெட்டியிலிருந்து ஒன்றை உருவி நீட்டினான். "கடைசி ஒண்ணு நீங்க."

ஆரின் கைகளைப் பையிலேயே வைத்துக்கொண்டார். "வேணாம்டா. அடுத்தவன் அடைச்சதை நான் தொடறதில்லே."

"அடுத்தவனா? உங்க அண்ணன்!"

"அண்ணன்தான்." ஆரின் சரிவைப் பார்த்தார். "போன வருஷத்திலேர்ந்து எனக்கு அவன் கை மேல... விடு. நீயே சுடு."

கர்ட்டுக்கு அது காற்றில் பாதிதான் கேட்டது. மார்லிஸுக்கு முழுதாகக் கேட்டது.

அவள் குனிந்து, புல்லில் கிடந்த இரண்டு பித்தளைக் கூடுகளையும் எடுத்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, ஊசி குத்திய பிரைமரின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லத் தடவினாள். மருந்து அதிகமாகியிருந்தால் அந்த ஓரம் நசுங்கித் தட்டையாகியிருக்கும். ஆகவில்லை. வட்டம் வட்டமாகவே இருந்தது. அடுத்ததையும் திருப்பினாள். வாயை வெளிச்சத்தில் பிடித்து விரிசல் உண்டா என்று பார்த்தாள்.

தலை நிமிர்ந்தபோது ஆரின் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டின் அடியை அப்படிப் பார்க்க, சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்குத் தெரியாது. அடைக்கிறவர்கள்தான் பார்ப்பார்கள். ஆரினின் பார்வை அவள் முகத்துக்கு வந்து, கர்ட்டின் கையிலிருந்த பச்சைப் பெட்டிக்குப் போய், மறுபடியும் அவளிடம் வந்து நின்றது. மார்லிஸ் கண்ணை எடுக்கவில்லை.

ஆரின் பையிலிருந்து கையை வெளியே எடுத்தார்.

"கொடுடா அதை," என்றார்.

"தொடமாட்டேன்னீங்க?"

"கொடுன்னா கொடு. கேள்வி கேட்காதே."

தோட்டாவை வாங்கி, துப்பாக்கியில் போட்டு, நிதானமாகத் தோளில் பதித்தார். மூன்றாவது சத்தம் போய்த் திரும்பி வரும் வரை நின்றார். பிறகு வெற்றுக் கூட்டைப் புல்லில் விழவிடாமல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். அதன் அடியை ஒரு தடவை பார்த்தார். கர்ட்டைத் தாண்டி நடந்து வந்து கூட்டை மார்லிஸிடம் நீட்டினார்.

மார்லிஸ் கைப்பையைத் திறந்து பிடித்தாள்.