இரவல் குரல்

சினிமா பார்ப்பது பாவம் என்று ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏழு வருஷம் சொல்லிக்கொடுத்தவள் நான். கர்த்தர் சும்மா விடுவாரா? என் புருஷனையே சினிமாவுக்கு அனுப்பி வேடிக்கை பார்த்தார்.

அவர் பெயர் ஸ்டீபன். பாலவனத்தத்தில் எங்கள் சபையிலும், அருப்புக்கோட்டையில் ஒரு மெல்லிசைக் குழுவிலும் டிரம்ஸ் வாசித்தார். கல்யாண வீடு, பொருட்காட்சி, பங்குனிப் பொங்கல் என்று எந்த மேடையானாலும் கையால் அடிப்பதற்கு முன்னால் வாயால் அடித்துப் பார்ப்பார். "தும்தக்கு தும்தக்கு டிஸ்" என்று கொஞ்சம் கம்மலான குரல். அந்தக் குரலுக்காகத்தான் கட்டிக்கொண்டேன். முகத்துக்காக என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

1988இல், எங்கள் மகள் அஷ்லின் ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது, ரெக்கார்டிங்கில் வாசிக்க மெட்ராஸ் போனார். எட்டுப் பத்துப் பாட்டுக்கு வாசிக்கவும் செய்தார். அதற்குள் தாளத்தைத் தானே அடிக்கிற மெஷின் வந்துவிட்டது. சும்மா இருந்தவரை ஒரு பாட்டுக் காட்சியில் டிரம்ஸ்காரராக உட்காரவைத்தார்கள். எனக்குத் தெரியாத என்ன அழகைக் கண்டார்களோ, அடுத்த படத்தில் போலீஸ்காரர், அதற்கடுத்ததில் வில்லனின் கையாள்.

ஒரே ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தார். அதோடு வருவது நின்றது. 'நான் இல்லாத அன்னைக்குத்தான் கூப்பிடுவாங்க, இன்பராணி' என்று எழுதுவார். மூன்று வருஷம் அப்படியே ஓடியது. பிள்ளைக்கு அப்பா என்றால் சுவரில் மாட்டிய கல்யாண போட்டோதான். அதைக் காட்டி, "அப்பா எப்பிடிம்மா பேசுவாக?" என்பாள். நான் பேசிக்காட்டுவேன். முதலில் எனக்கே சிரிப்பு வரும், பிறகு அழுகை வரும். பிள்ளை விவரம் தெரிந்து அவர் குரலை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு ஜெபம் இல்லை.

தொண்ணூற்றிரண்டில் கடிதம் வந்தது. 'இந்தப் படத்துல எனக்கு வசனம் இருக்கு. மூணு சீன். பாப்பாவக் கூட்டிட்டுப் போய்க் காட்டு.'

அருப்புக்கோட்டைக்குப் படம் வந்ததும் பக்கத்து வீட்டு மாயக்காளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மேட்னிக்குப் போனேன். சபைக்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று முந்தானையால் தலையை மூடியிருந்தேன்.

"ஏத்தா, களவாங்கப் போற மாதிரில்ல வார. ஒம் புருசனத்தான பாக்கப் போற?" என்றாள் மாயக்காள்.

அவர் திரையில் வந்தார். அஷ்லினை மடியில் தூக்கி நிறுத்தினேன். அவர் வாயைத் திறந்தார். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவருக்கு இருப்பதுபோல் கனத்த குரல் ஒன்று வந்தது. எவனோ ஒருத்தன் என் புருஷன் வாய்க்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். மூன்றாவது சீனில் அவரை வெட்டினார்கள். ஒரு கையால் பிள்ளையின் கண்ணைப் பொத்தினேன், இன்னொரு கை தானாகத் தாலியைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் அந்த வெட்டைவிட அந்தக் குரல்தான் எனக்கு வலித்தது.

"அம்மா, அப்பா பேசுறாக!" என்று அஷ்லின் கை தட்டினாள். அது அப்பா குரல் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு நாள் கழித்துக் கிடைத்த அப்பாவை எப்படிப் பிடுங்குவது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அவளோ அந்தக் குரலிலேயே ஆட்டுக்குட்டியை அதட்டித் திரிந்தாள். நான் கடைசிவரை சொல்லவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் வந்தார். பையை வாசலில் போட்டுவிட்டு, "ஏத்தா அஷ்லினு, இங்கிட்டு வா. அப்பாகிட்ட வா" என்றார். அதே கம்மல் குரல். என் வயிறு குளிர்ந்துபோனது.

பிள்ளை என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "இவுக எங்கப்பா இல்ல. எங்கப்பா இப்பிடிப் பேச மாட்டாக."

அவர் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எம் பேச்சுல ஊர் வாடை அடிக்குதுன்னு வேற ஆள வச்சுப் பேசவச்சுட்டாங்க. நீ பிள்ளைகிட்டச் சொல்லலையா?"

"சொல்லல" என்றேன்.

பிள்ளை பக்கம் குனிந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த எவனோ ஒருத்தனின் குரலில், "அஷ்லின், இங்கே வாம்மா" என்றார். அச்சு அசல். பிள்ளை ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

அவர் இருந்த இரண்டு நாளும் வீட்டில் அந்தக் குரல்தான். மறந்து சொந்தக் குரலில் ஒரு வார்த்தை பேசினால் பிள்ளையின் முகம் வாடும், உடனே மாற்றிக்கொள்வார். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அடுப்படிப் பக்கம் வந்து என்னிடம் மெதுவாக ஏதாவது பேசுவார் என்று காது முழுக்க ஆசையோடு காத்திருந்தேன். அவர் வரும்போதெல்லாம் பிள்ளையும் தோளில் வந்தாள்.

மூன்றாம் நாள் காலை பஸ் ஏற்றிவிடப் போனோம். பிள்ளையை முத்தமிட்டு இறக்கிவிட்டார். படியில் கால் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "வர்றேன், இன்பராணி. உடம்பைப் பார்த்துக்கோ" என்றார், அந்தக் கனத்த குரலில். குரலை மாற்ற மறந்துபோனது அவருக்கே தெரியவில்லை.

பஸ் போய்விட்டது. "அப்பா எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாக" என்று அஷ்லின் குதித்தாள்.

அவளிடம் சொல்லிக்கொண்டுதான் போனார். என்னிடம்தான் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார்.